முந்நூறு எண்ணும் வரை

ஹர்ஷினியின் உடலோடு நான் மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, அவளுடைய சித்தப்பா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே நொடிதானாமே, வலி தெரிந்திருக்காதே என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை, திருத்தங்கலில் பார்த்தவர்களெல்லாம் அதையே கேட்டார்கள். நானும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். பொய் சொல்வதற்கு நாக்குகூட வேண்டியதில்லை, கழுத்து போதும்.

அது ஒரே நொடி இல்லை. எத்தனை என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஹர்ஷினி, பட்டாசுக் கம்பெனி முதலாளி அய்யாதுரையின் ஒரே மகள். வெம்பக்கோட்டை போகிற வழியில் இருக்கிறது அந்தக் கம்பெனி. என் அம்மா மாரித்தாய் இன்றைக்கும் அங்கேதான் திரி வெட்டுகிறாள். என் அப்பா ஊர்க்காவலன் அங்கேதான் செத்தார். ஊரில் இருந்தவரை ஹர்ஷினியின் கார் வந்தால் நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவேன், அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். கனடாவில், வான்கூவருக்கு நான் மேல்படிப்புக்குப் போன இடத்தில், ஒரு மளிகைக் கடையில் யாரோ ஒருத்தி சாத்தூர் காராச்சேவு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தவள் முதலாளி மகள். அன்று மாலையே என் அறைக்கு வந்து, என் தட்டில் கையைவிட்டுச் சாப்பிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவளுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துபோனது. அதைக் கிளறிப் பார்ப்பதே அவளுக்குப் பொழுதுபோக்கு.

பனிமலைப் பைத்தியம் அவளுடையது. பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூவை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத சரிவுகளில் ஏறி இறங்குவதற்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்று உண்டு. தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாடம் நடத்திய பெண் கரும்பலகையில் பனியின் அடுக்குகளை வரைந்த முதல் மணி நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இது பனி இல்லை, மருந்து.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற வெடிக் கலவை. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் இரவில் அது ஈரம் குடித்து வேறொன்றாகிவிடும். மறுநாள் அதன் மேல் புதுக் கலவையைக் கொட்டுகிறவனுக்கு அடியில் கிடப்பது தெரியாது. பனியும் அப்படித்தான். தெளிவான குளிர் இரவுகளில் பனியின் மேல் உப்புப் பூத்ததுபோல் மெல்லிய படிகம் முளைக்கும். அதன் மேல் புதுப் பனி விழுந்து மூடிவிட்டால் அந்தப் பூ நசுங்காமல் உள்ளேயே கிடக்கும். கடலை ஒட்டிய மலையில் அது இன்னும் மோசம். கடல் காற்று ஈரத்தை அள்ளிவந்து கொட்டுவதால் அங்கே விழுவது மாவு இல்லை, ஈரச் சிமெண்ட். மதியம் கொஞ்சம் வெப்பம் ஏறினால் பனி மழையாகிவிடும். பாரம் தாங்காமல் அடியில் கிடக்கிற பூ உடைந்தால் மேலே இருப்பது மொத்தமும் பலகையாகக் கழன்று கீழே வரும். அதில் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் எமனுடையது. உதவி வரும் என்று நிற்காதே, உடனே போ, கூட வந்தவர்தான் உதவி என்று அந்தப் பெண் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள்.

எனக்கு அதற்கு முன்பே வேறொரு பாடம் ஆகியிருந்தது. அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும்.

அய்யாதுரை கம்பெனியில் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஒத்திகை. தகர டிரம்மை அவரே இரும்புக் கம்பியால் ஓங்கி அடிப்பார். அடித்த நொடியில் எல்லோரும் அறையைவிட்டு வெளியே ஓடிக் குப்புற விழ வேண்டும், கை தலையில், முகம் மண்ணில். வெடித்த அறைக்குப் பக்கத்து அறையும் வெடிக்கும், காப்பாற்ற ஓடினவர்கள்தான் இரண்டாவதில் சாவார்கள். ஆகவே முந்நூறு எண்ணும் வரை யாரும் அசையக் கூடாது. முந்நூறு ஆனாலும் தானாக எழக் கூடாது. சோலைமலை என்ற ஒருவர் பயத்தில் முந்நூறையும் ஒரே நிமிடத்தில் எண்ணி எழுந்து போய் ஒரு கையை இழந்த பிறகு வந்த விதி அது. முதலாளி "எந்திரி" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தலையைத் தூக்கலாம். முந்தித் தூக்கினால் கம்பு முதுகில் விழும். மாதாமாதம் மண்ணைத் தின்றபடி அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக் கிடப்போம்.

எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறையில் அம்மாவோடு திரி வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை பதினொன்றரைக்கு டிரம் சத்தம் கேட்கவில்லை, நிஜமே கேட்டது. முந்தின நாள் மிச்சத்தின் மேல் யாரோ புதுக் கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். வேப்ப மரத்தடியில் குப்புற விழுந்தேன். எனக்கு முன்னால் யாருடைய செருப்போ பாதத்தோடு வந்து விழுந்தது. அடுத்த அறையின் சுவர் என் அப்பா மேல் சரிந்திருந்தது. தண்ணீர் கேட்கவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை, என் பெயரைத்தான் சொல்லிக் கத்தினார். நாற்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் முடியாமல் எழுந்து ஓடினேன். அய்யாதுரை என் தலைமுடியைப் பிடித்து இழுத்து மண்ணில் அடித்தார். என் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, எண்ணுடீ, எண்ணு என்று காதில் கத்தினார். எண்ணினேன். நூற்று எழுபத்திரண்டில் அப்பா கிடந்த அறை வெடித்தது. அதன் பிறகு என் பெயர் கேட்கவில்லை. முந்நூறு ஆனது. முழங்கால் எழுந்தது. "எந்திரி" என்றார்.

அந்த முழங்கால் இல்லாவிட்டால் நானும் அன்றைக்கே கரிக்கட்டை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்று கேட்பவர்கள், அப்பனின் குரலைக் கேட்டுக்கொண்டே எண்ணிப் பார்க்கட்டும்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் வந்த பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் மூன்று என்றது. மதியத்துக்கு மேல் வெப்பம் கூடும், புதைந்த படிக அடுக்கு இன்னும் உறுதிப்படவில்லை, திறந்த சரிவுகளைத் தவிர்க்கவும் என்றும் போட்டிருந்தது. ஹர்ஷினி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, மூணுங்கிறது பாஸ் மார்க்குதானடீ என்றாள். மர வரிசை முடிகிற விளிம்புக்கு வந்ததும் நான் குழி தோண்டிப் பனியில் ஒரு தூணை வெட்டினேன். அதன் தலையில் மடக்கு மண்வெட்டியை வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும், மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து. பதின்மூன்றாவது தட்டில் மேல்பகுதி அப்படியே வழுக்கிக்கொண்டு என் மடியில் விழுந்தது. கத்தியால் வெட்டியதுபோல் அத்தனை சுத்தமான வெட்டு. நேத்து மருந்து கிடக்கு, திரும்பிருவோம் என்றேன்.

அவள் அந்தச் சரிவைப் பார்த்தாள். நாற்பதடி அகலம்கூட இல்லை. தாண்டிவிட்டால் மறுபக்கம் முகடு, அங்கிருந்து கடல் தெரியும். அவள் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த கடல். ஒரே ஓட்டம், நீ மரத்துக்குப் பின்னாடி நில்லு, நான் போயிட்டு உன்னைக் கூப்பிடுறேன் என்றாள். நான் இரண்டாவது தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தடவைக்கு மேல் மறுத்துப் பேச என் நாக்கு பழகவில்லை. அவள் என் தட்டில் சாப்பிட்ட பிறகும் பழகவில்லை.

அவள் பாதி தூரம் போயிருப்பாள். மேலே மலை இடிந்ததுபோல் "டம்" என்று ஒரு சத்தம். பனிக்குள் விரிசல் ஓடியதைப் பார்த்தேன். சரிவு மொத்தமும் அவளை நிற்க வைத்தபடியே கீழே கொண்டு போனது, பிறகு மடித்தது, பிறகு மேலேறி மூடியது. கீழே மரங்கள் வேரோடு சாய்ந்தன. "ஓவியா" என்று ஒரே ஒரு கத்தல்.

என் பெயர். மறுபடியும் என் பெயர்.

நான் குப்புற விழுந்தேன். கை தலையில், முகம் பனியில். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் முடிவு செய்து விழவில்லை. வகுப்பில் படித்ததெல்லாம் மண்டையில் இருந்தது, ஆனால் என் உடம்பை ஆண்டது வேறு ஆள். முதுகில் முழங்கால் அழுத்துவதை உணர்ந்தேன், சத்தியமாக உணர்ந்தேன். நூற்று எழுபத்திரண்டு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை. மேலே எண்ணினேன். பனிக்கு அடியிலிருந்து கத்தினால் மேலே கேட்காது என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்த நேரத்தில் அவள் மறுபடி என்னைக் கூப்பிட்டாளா என்பது எனக்குத் தெரியாது.

எழுந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சரி. கழுத்தில் தொங்கிய தேடுகருவியைத் தேடும் நிலைக்குத் திருப்பினேன், அவளுடைய கருவியின் சமிக்ஞை கிடைத்தது, நான்கு நிமிடத்தில் இடத்தைப் பிடித்தேன், நீளக் கம்பியைக் குத்திப் பார்த்தேன், நான்கடி ஆழத்தில் தட்டுப்பட்டது. தோண்டினேன். இறுகிப்போன ஈரச் சிமெண்டை ஒற்றை ஆளாக வெட்டினேன். நகம் பெயர்ந்தது, வாயில் ரத்தம் வந்தது, நாய்போல் ஊளையிட்டுக்கொண்டே வெட்டினேன். முகம் தெரிந்தபோது அவளுடைய வாய்க்கு முன்னால் கண்ணாடி ஓடுபோல் ஒரு பனிக்கட்டி இருந்தது. மூச்சுச் சூட்டில் பனி உருகி மறுபடி உறைந்தால் அப்படி ஆகும். அவள் வெகுநேரம் மூச்சு விட்டிருக்கிறாள் என்பதற்கு அதுதான் சாட்சி. அதை நான் கைமுட்டியால் குத்தி உடைத்தேன். கைபேசியில் உதவி கேட்டுவிட்டு, ஹெலிகாப்டர் வரும் வரை அவள் நெஞ்சை அமுக்கினேன். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை.

இதையெல்லாம் ஊருக்கு வந்த அன்றே அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"வாயைத் தொறக்காத. அவுக கும்பிட்டுக்கிட்டு இருக்கிறது அந்த ஒரு நொடியத்தான். அதையும் புடுங்கிப் போட்டுட்டு நீ எங்கன போய் இருப்ப? நான் எங்கன போய் வேல பார்ப்பேன்?"

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. முப்பது வருடமாக அவள் உட்கார்ந்த பலகை, அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் எனக்குள் இரண்டு பேய்கள் இருந்தன. ஒன்று, அந்த ஆளுடைய விதி அவருடைய மகளையே தின்றது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துடித்தது. இன்னொன்று, யாராவது என்னை அடித்தே கொல்ல மாட்டார்களா என்று கிடந்தது. எது பெரியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

பதினேழாம் நாள் காலையில் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மாவும் என்னோடு வந்தாள். பெரிய கூடத்தில் ஹர்ஷினியின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. அய்யாதுரை மழிக்காத தாடியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி சொர்ணலட்சுமி தூணில் சாய்ந்திருந்தாள், உயிர் கண்ணில் மட்டும் இருந்தது. கம்பெனி மானேஜர் சபரிநாதன் கையில், கனடாவிலிருந்து வந்த மரண அறிக்கை. அவர் அதைத் தமிழில் சொல்லி முடித்திருந்தார் என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது.

அய்யாதுரை எழுந்து நிதானமாக என் முன்னால் வந்தார்.

"ஒரு நொடின்னு சொன்னே. மூச்சு முட்டிச் செத்துப்போனதா போட்டிருக்கான். நீ என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது. காதுக்குள் விசில் அடித்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. அம்மா குறுக்கே வந்து அவர் காலைப் பிடித்தாள். அவளை உதறினார், அவள் தலை நாற்காலியில் மோதியது. சபரிநாதன் அறிக்கையை மார்போடு பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். என் வயிற்றில் உதை விழுந்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் அடியுங்கள், எனக்கு இது போதவில்லை என்று நினைத்தேன். அவர் தலைமுடியைப் பற்றி இழுத்துத் தரையில் அடித்தார். குப்புற விழுந்தேன். சொல்லு, சொல்லு என்று கத்திக்கொண்டே என் முதுகில் முழங்காலை ஊன்றினார்.

அதே முழங்கால், அதே இடம்.

என் கைகள் தாமாகத் தலைக்குப் போயின. முகம் சிமெண்டுத் தரையில் அழுந்தியது. என் வாய் எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. பதினொன்றோ பன்னிரண்டோ வந்தபோது முதுகில் இருந்த பாரம் அசையாமல் நின்றது. கத்தலும் நின்றது. கூடத்தில் என் எண்ணிக்கை மட்டும்தான் கேட்டது. மாதாமாதம் முற்றத்தில் நின்று அதைக் கேட்ட மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"எம்புட்டு எண்ணுன?" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"முந்நூறு, மொதலாளி."

சொர்ணலட்சுமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்நூறு என்றால் ஐந்து நிமிடம். அறிக்கையில் நேரமெல்லாம் போட்டிருந்தது. ஐந்தோடு தோண்ட ஆன நேரத்தைச் சேர்த்தாலும் கணக்கு இடிக்கிறது என்று அய்யாதுரையின் மூளை ஓடியதை நான் முதுகில் உணர்ந்தேன். வியாபாரி அவர்.

"அப்புறம்?"

இதுதான் நான் அம்மாவிடம்கூடச் சொல்லாதது. இதைச் சொல்லத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"முந்நூறு ஆச்சு. எந்திரிக்கல. நீங்க சொல்லணும்ல. சொல்லுவீகன்னு கெடந்தேன். ஆரும் சொல்லல. அதனால திரும்பவும் மொதல்ல இருந்து எண்ணுனேன். நூத்தி இருவத்தி ஒண்ணு வந்தப்ப மூச்ச இழுத்தேன். கந்தக வாட இல்ல, மொதலாளி. மழ வாடதான் இருந்துச்சு. அப்பத்தான் இது நம்ம கம்பெனி இல்லன்னு தெரிஞ்சுது."

முழங்கால் என் முதுகிலிருந்து இறங்கியது. தூக்கி எடுத்ததுபோல் இல்லை, நழுவி விழுந்ததுபோல் இருந்தது. அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பழிவாங்கி முடித்துவிட்டேன். நினைத்ததைவிட நன்றாகவே சொல்லியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. ஆனாலும் இனிக்கவில்லை. என் அப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டே அன்றைக்கு என்னை அழுத்திப் பிடித்திருந்த கை நடுங்கியதா என்று அந்த வேளையில் முதல் தடவையாக எனக்கு யோசனை வந்தது. நடுங்கியிருந்தது. அவர் கை இப்போது நடுங்கியதும் அப்படித்தான்.

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் தரையில் பரவி என் கன்னத்தை நனைத்தது. அம்மா விசும்புவது கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அன்றைக்கு நான் எண்ணவில்லை.

"எந்திரி" என்றார் அய்யாதுரை.

ஒத்திகைக்கு ஒத்திகை நான் கேட்ட அதே குரல், முற்றத்தின் கடைசி மூலை வரை எட்டுகிற குரல். என் உடம்பு உடனே கேட்டது. கையை ஊன்றி முட்டிபோட்டேன், பிறகு நின்றேன். அம்மா ஓடிவந்து என்னைத் தாங்கிக்கொண்டாள். சரி, போய்விடலாம் என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்திரி" என்றார் மறுபடியும், இன்னும் சத்தமாக. சொர்ணலட்சுமி அவர் வாயைப் பொத்தப் போனாள், கையைத் தட்டிவிட்டார். நானும் அம்மாவும் தெருமுனை தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை.